பரசுராமனின் வலது காது

எண்ணெய்ச் சட்டிக்கு மேல் தலையைச் சாய்த்து, வலது காதை மட்டும் அதன் பக்கம் கொடுத்து நிற்கிறார் பரசுராமன். பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்கிறவர் மாதிரி இருக்கிறது. கையில் நீளமான இடுக்கி. சட்டிக்குள் ரொட்டித்தூள் போர்த்திய நான்கு பன்றிக்கறித் துண்டுகள் பொரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்கவே மாட்டார், கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். "பாத்தா ஏமாத்திடும் சார். மேல சிவந்துகினு நிக்கும், உள்ள பச்சையாவே கீது" என்பார்.

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குத் திரும்பும் சாலையில், ஜப்பானிய இன்ஜினியர்கள் தங்கும் மூன்று மாடி விடுதி அது. வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாது. பால்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது 'ஜப்பான் வூடு'. பரசுராமன் அங்கே ஒன்பது வருஷமாகச் சமையல் மாஸ்டர். வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு, காதோரம் மட்டும் நரை, புரட்டாசி என்றால் நெற்றியில் பளிச்சென்று நாமம்.

நான் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பலகைகளைத் தமிழில் எழுதித் தருகிறவன். 'கையுறை அணியவும்', 'தரை வழுக்கும், கவனம்' போன்றவைதாம் என் படைப்புகள். வேலை பேச ஜப்பானியர்களைத் தேடி வந்தால், அவர்கள் மீட்டிங் முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வரவேற்பறை ஏசியில் உட்கார்ந்து மீன் தொட்டியைப் பார்ப்பதற்குப் பதில் சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்வேன். அப்படித்தான் பழக்கம்.

சனிக்கிழமை மதியம் அங்கே 'கட்சு', அதாவது அந்தப் பொரித்த பன்றிக்கறி. எலும்பில்லாத கறியை விரல் தடிமனுக்கு வெட்டி, ஓரத்துக் கொழுப்பில் நான்கு கீறல் போடுவார். போடாவிட்டால் எண்ணெயில் வளைந்துகொள்ளுமாம். மரச்சுத்தியால் தட்டி, உப்பும் மிளகும் தூவி, மைதாவில் புரட்டி, முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் அழுத்துவார். அழுத்தும்போது உள்ளங்கையைப் பூப்போல வைப்பார். சுத்தி பிடித்த அதே கையா இது என்று தோன்றும்.

அதன்மேல் ஊற்ற ஒரு வெள்ளைச் சாஸ். மயோனைஸ், கடுகு விழுது, வினிகர், பொடியாக அரிந்த வெங்காயம், ஊறுகாய் வெள்ளரிக்காய், கடைசியில் அவராகச் சேர்த்துக்கொண்ட கெட்டித் தயிர். மற்ற மாதங்களில் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். புரட்டாசியில் மயோனைஸில் இருக்கும் முட்டையும் ஆகாது. கரண்டியை என்னிடம் நீட்டுவார். "புளிப்பு எப்டி கீது சார்? மூஞ்சி சுளிக்குதா, சிரிக்குதா?" ரெண்டும் என்றால், "அப்ப கரெக்ட்டு" என்று மூடி வைத்துவிடுவார்.

ஆனால் கறியை எந்த மாதத்திலும் அவர் வாயில் வைத்ததில்லை. இந்த வேலையில் சேர்ந்த அன்று காலை ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் போய் நின்று பேசி முடித்துவிட்டு வந்தாராம். "கைதான் தொடும், வாய் தொடாதுன்னு சொல்லிட்டேன் சார். பெருமாளும் சரின்னுட்டாரு. எத்தினியோ கான்ட்ராக்ட்டு போச்சு, இந்த ஒரு கான்ட்ராக்ட்டு மட்டும் நிக்கட்டும்."

ருசி பார்க்காமல் எப்படிப் பதம் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். அதற்குத்தான் காது. "போட்டதும் கல்யாண வூடு மாதிரி கூட்டமா பேசும் சார். போகப் போக ஒவ்வொருத்தரா கெளம்பிடுவாங்க. கடைசில ஒரே ஒருத்தன் மட்டும் மெதுவா பேசிகினு இருப்பான். அவன் வாய மூடறதுக்குள்ள எடுத்துடணும். மூடிட்டான்னா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம்." எடுத்துக் கம்பிவலையில் வைத்து ஆறவிட்டு, நறுக்கினால் உள்ளே வெண்மையாக, ஈரம் மினுங்க இருக்கும். ஓகாவா என்று ஒரு பெரியவர், ஆலைக்கு ஆலோசகர், இதற்காகவே சனிக்கிழமைகளில் சென்னைக்குப் போகமாட்டார். சாப்பிட்டு முடித்துச் சமையலறை வாசலில் வந்து தலை குனிந்துவிட்டுப் போவார். பதிலுக்கு இவர் அவரை விட ஓர் அங்குலம் அதிகம் குனிவார்.

காது அவருக்கு முதலிலிருந்தே மூலதனம். இந்த விடுதிக்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு கார் உதிரிபாக ஆலையின் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வடிவெடுக்கும் இடம். அச்சு நூலளவு நகர்ந்தாலும் அடியின் சத்தத்திலேயே சொல்லிவிடுவாராம். சூப்பர்வைசரே இவரைக் கூப்பிட்டு நிறுத்தி, "கேளுடா" என்பாராம். அதற்காகவே காதடைப்பானைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். "போட்டுகினா மெஷின் பேசறது கேக்காது சார். ஒரு அடி தப்பினா கை போயிடும்."

"அங்கே ஒரு மஞ்சள் போர்டு இருக்குமே?" என்றேன்.

"ஆமா. 'காதடைப்பான் அணிவது கட்டாயம்'. டெய்லி பாப்பேன். நல்ல தமிழு சார்."

நான் எழுதியதுதான் அது. சொல்லிக்கொள்ளவில்லை.

இடது காது ஏழாம் வருஷமே போய்விட்டது. வருஷா வருஷம் ஆலையில் மெடிக்கல் வைப்பார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். தேறாவிட்டால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று லைனில் பேச்சு. இவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் கொடுக்கும் பெண்ணின் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் அமுக்கும்போது தோள் லேசாக அசையும். உடனே இவரும் அமுக்குவார். இப்படியே நாலு வருஷம் 'இரண்டு காதும் நன்று' என்று சர்டிபிகேட் வாங்கினார். பெருமையாக வீட்டில் வேறு காட்டியிருக்கிறார். பிறகு ஒருநாள் கான்ட்ராக்ட்டையே முடித்துக்கொண்டார்கள். காது போனதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று போய் நின்றால், அவர் வாங்கிய சர்டிபிகேட்டுகளையே எடுத்து மேசைமேல் பரப்பினார்களாம். "எங்கையால நானே அமுக்கனது சார். யாரப் போய் கேக்கறது?"

அட கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மிச்சமிருந்தது வலது காது. அதை வைத்துத்தான் ஒன்பது வருஷம் கட்சு பொரித்தார். அதுவும் போகிறது என்று ஆடி மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு நறுக்கும்போது கறி நடுவில் இளஞ்சிவப்பாக இருந்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு பொரித்திருக்கிறார். அன்று பிடித்தது பயம். அடுத்த வாரம் முதல் கூடுதலாகவே எண்ணெயில் விட்டார். கறி வறண்டது. தட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. மேலே இருக்கும் மொறுமொறுப்பை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு, கறியை ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஓகாவா முழுவதையும் தின்றார். ஆனால் வாசலுக்கு வந்து குனியவில்லை.

விடுதியை நடத்தும் மோகனப்ரியா கெட்டவர் அல்ல. காஞ்சிபுரத்துப் பெண், நறுக்கென்று பேசுவார், அவ்வளவுதான். கறி வறள்வதைப் பார்த்து ஒரு டைமர் வாங்கி அடுப்புக்கு மேல் ஒட்டினார். அன்று நான் ஸ்டூலில் இருந்தேன். நாலு நிமிஷம் ஆனதும் டைமர் கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. பரசுராமன் அதற்கு ஒரு முழம் தள்ளி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, சட்டியைக் கேட்டுக்கொண்டு நின்றார். எண்ணெய் எப்போதோ அடங்கிப்போயிருந்தது. நான் எழுந்துபோய்த் தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தவருக்கு என் விரல் டைமரைக் காட்டியதும் எல்லாம் புரிந்துவிட்டது. 

"மேடம் கிட்ட சொல்லிடாதீங்க சார். உங்க கால்ல வேணா விழறேன்."

காதுக்கு மெஷின் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்றேன். அதையும் பார்த்துவிட்டாராம். மனைவி சசிரேகா தன் வேலையில் ஓவர்டைம் பார்த்த பணத்தில் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். மாட்டினால் எண்ணெயும் புகைபோக்கி மின்விசிறியும் பாத்திரமும் ஒரே இரைச்சலாக மண்டைக்குள் கொட்டுகிறதாம். "கல்யாண வூட்டுக்குள்ள லாரி வந்த மாதிரி சார். யாரு பேசறது, யாரு போனதுன்னு ஒண்ணும் தெரில." தவிர, மாட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். காது கேட்காதவனை நெருப்புப் பக்கத்தில் யார் நிறுத்துவார்கள்? அந்த விதியையும் நானே எங்கோ ஒரு பலகையில் எழுதியிருப்பேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கும் தட்டுகள் திரும்பி வந்தன. மோகனப்ரியா அவரைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "மாஸ்டர், அடுத்த சனிக்கெழம ஹெட் ஆபீஸ்காரங்க சாப்பிட வராங்க. அன்னிக்கும் இப்டியே இருந்தா நான் சென்னைலேர்ந்து வேற ஆள வரவெக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க." அவர் வாயசைவைப் பார்த்துப் பார்த்து பரசுராமன் தலையாட்டினார்.

அன்று மாலை எனக்கு போன். போனில் அவருக்குக் கேட்காது, அதனால் அவர் மட்டும் பேசினார். "சார், நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க. டைமரு ஆவாது, துண்டுக்குத் துண்டு நேரம் மாறும். ஒருத்தன் மட்டும் பேசும்போது எந்தோளத் தொடுங்க. அது போதும்." பதிலை எதிர்பார்க்காமல் வைத்துவிட்டார்.

நான்காம் சனிக்கிழமை போனேன். நாமம் புதிதாக இட்டிருந்தார், காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். ஐந்து துண்டுகள் ரொட்டித்தூள் போர்த்தி வரிசையாகக் காத்திருந்தன. முதல் துண்டு ஒத்திகை. எண்ணெயில் விட்டார். நான் குனிந்து, அவர் நிற்பது போலவே தலையைச் சாய்த்துக் கேட்டேன். எனக்கு ஒரு கூட்டமும் கேட்கவில்லை, ஒருத்தனும் கேட்கவில்லை. எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது. ஒன்பது வருஷம் இந்த மனிதர் இதற்குள் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. குத்துமதிப்பாகத் தோளைத் தொட்டேன். அவர் நம்பி எடுத்தார்.

ஆறவிட்டு நறுக்கினார். வெள்ளை. பச்சையில்லை. விரலால் அழுத்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஈரம் கீதா, காஞ்சிடுச்சா? வாயில வெச்சாதான் சார் தெரியும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பன்றிக்கறி தின்பதில்லை. எனக்கு விரதம் இல்லை, பக்தி இல்லை, எந்தப் பெருமாளோடும் ஒப்பந்தம் இல்லை. வெறும் அருவருப்பு. ஒரே ஒரு வாய்தான். சாஸைத் தொட்டு நக்கினவனுக்கு அதற்குக் கை வரவில்லை. அப்படியே தின்றாலும் எனக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு தலை குனிந்தேன்.

கூடத்திலிருந்து மோகனப்ரியாவின் குரல் வந்தது. "மாஸ்டர், எல்லாரும் உக்காந்துட்டாங்க."

அவருக்குக் கேட்கவில்லை. நான் கையைக் காட்டிச் சொன்னேன்.

பரசுராமன் தோளில் கிடந்த கைத்துணியின் நுனியைக் குழாயில் நனைத்தார். சுவரில் இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்து, நெற்றியில் இருந்த நாமத்தைச் சுவடு தெரியாமல் துடைத்தார். பிறகு நறுக்கிய கறியில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்றார்.