மலைக்குக் காலை நீட்டிய நாற்காலி

நாற்காலி விற்பவனுக்கு உட்கார நேரம் கிடைக்காது; மரச்சாமான் கடை வைத்து அவதிப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குத் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் அப்படியொரு கடை இருந்தது.

ஊர்ப் பாணி

சென்னையிலிருந்து வந்து விடுதி திறந்த சரளா அம்மாள், மொட்டை மாடிக்கு ஆறு நாற்காலி கேட்டார். அசல் திருவண்ணாமலைப் பாணியில் இருக்க வேண்டுமாம். தேக்கு பர்மாவிலிருந்தும் பிரம்பு அசாமிலிருந்தும் வருகிறது, இந்த ஊருக்கென்று நாற்காலிப் பாணியே கிடையாது என்று ஆதாரங்களோடு நிரூபித்தேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எங்கள் முனுசாமி ஆசாரி ஓடிவந்து, மூலையில் கிடந்த நீளக் கை வைத்த பழைய சாய்வு நாற்காலியைக் காட்டி ஆர்டரைக் காப்பாற்றினார். அம்மாள் போனதும் என்னிடம் சொன்னார்:

"நாற்காலிக்கு ஜாதகம் சொல்லியே ரெண்டு கிராக்கிய ஓட்டிட்டீங்க சார். கொஞ்சம் பேச்ச கம்மி பண்ணுங்க."

நீளக் கை

அந்த நாற்காலியின் கைகள் உட்காரும் பலகையைத் தாண்டி முன்னால் நீளும். ஆளுக்கு இரண்டு கால், நாற்காலிக்கு இரண்டு கை. கால்களைக் கைகள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு சாயலாம். விடுதிக்கு வந்தவர்கள் மலையைப் பார்த்தபடி அப்படியே சாய்ந்தார்கள். காபி கொண்டுபோன விடுதி வேலைக்காரி, மலையடியில் உள்ள அடி அண்ணாமலை கிராமத்து அஞ்சலை, மலைக்கு நேராக நீண்ட பன்னிரண்டு பாதங்களைப் பார்த்துவிட்டு, தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

நாற்காலிகளைத் திருப்பிப் போட்டால் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் கீழே போகும். அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஆறையும் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சரளா அம்மாள். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் மலைகளைப் பார்த்தபடி இப்படித்தான் சாய்ந்தார்கள் என்று அஞ்சலைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தத் தொரைங்களுக்கு மலைன்னா டீத்தூளுங்க. எங்களுக்கு சாமி."

ரம்பம்

மறுநாள் ஆசாரி மாடியேறி எல்லாக் கைகளையும் பாதியில் அறுத்தார். அளவின் அழகு கெட்டுப்போகும் என்று நான் வாதாடியது ரம்பச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. காலை வைக்க இடமில்லாமல் போனவர்கள், மடக்கிச் சம்மணம் போட்டார்கள். முட்டி இடித்தது. ஆசாரி பலகையையும் அகலமாக்கினார். பௌர்ணமியன்று அஞ்சலை தட்டோடு மாடிக்கு வந்து, ஒரு சுற்று பார்த்தாள்.

"இப்பதான் மனுசங்க ஒக்கார்ற மாதிரி இருக்குது."

காரைக்குடிக்காரர்

சில வருடம் கழித்து, காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். விடுதியில் தங்கியவராம். கடையில் போட்டிருந்த அதே மாதிரி நாற்காலியின் அகலப் பலகையில் சம்மணமிட்டு, குட்டைக் கையைத் தடவி, இந்தத் திருவண்ணாமலைப் பாணி எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று பக்தியோடு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆசாரி முந்திக்கொண்டார்:

"மலை எப்பலேர்ந்து இருக்குதோ, அப்பலேர்ந்துங்க."

இந்த ஊருக்கென்று பாணி எதுவும் கிடையாது என்று நிரூபித்தவன் என்ற தகுதியில், அவருடைய ஆர்டரை நானே என் கையால் எழுதிக்கொண்டேன்.