முப்பாட்டனாரைத் தேடிப் போனேன்

யுத்தம் முடிந்த வருஷம், அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் முதல் மரியாதையான பரிவட்டம் எனக்கே கட்டவேண்டுமென்று கிளம்பினேன். வெட்டிப் பெருமைக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? கோவிலுக்கு நிலம் கொடுத்தவர் என் முப்பாட்டனார் என்று நிரூபிக்க, தாலுகா ஆபீசில் பழைய இனாம் பதிவேட்டைத் தேடி நகல் வாங்கினேன். ஊர்க்கூட்டத்தில் கர்ணம் அதை உரக்கப் படித்தார்.

"ஏரிக்கரைக்கு வடக்கே ரெண்டு காணி. எழுதி வச்சது உங்க முப்பாட்டன்தான், அண்ணே."

"நான்தான் சொன்னேனே!"

"அத இப்ப உழுதுக்கிட்டிருக்கறது யாருங்க?"

நான்தான். அப்பா விட்டுப்போன சொத்தென்று நினைத்திருந்தேன். கூட்டம் சிரித்தது. பரிவட்டத்தை எனக்குக் கட்டினார்கள். வயலைக் கோவிலுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் யாராவது வம்சம் விசாரித்தால், "அப்பா பேர் மட்டுந்தாங்க தெரியும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.