பதிவேட்டில் இல்லாத வெல்மான்

கப்பலில் வந்து இறங்கி, மாட்டு வண்டியில் ஊர் சேர்ந்து, இங்கேயே வாழ்ந்து இங்கேயே செத்ததாகச் சொல்லப்படும் ஒரு மனிதரைப் பற்றி ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லாமல் போவது எப்படி?

இர்ம்கார்ட் டெல்காம்ப் அம்மாளிடம் அன்று இதற்குப் பதில் இல்லை. நொயன்வால்ட் ஊரில் எங்கள் யாரிடமும் இல்லை. ஆனால் எங்களை யாரும் கேட்கவில்லை. கேள்வி அவரிடம்தான் வந்தது, ஏனென்றால் பெட்டகத்தின் சாவி அவரிடம் இருந்தது.

ஆலயத்தின் பின்னறையில் அந்த இரும்புப் பெட்டகம் இருக்கிறது. அதற்குள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள். 1848-இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ருக் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்கு வந்த குடும்பங்கள் முதல், போன மாதம் பிறந்த குழந்தை வரை எல்லாரும் அவற்றில் உண்டு. இர்ம்கார்டுக்கு இளம் வயதில் டர்பனுக்குப் போய் ஆசிரியப் பயிற்சியில் சேர ஆசை இருந்தது. போகவேண்டிய வருடம் அம்மா படுக்கையில் விழுந்தார். பிறகு அப்பாவின் காலில் டிராக்டர் ஏறியது. அப்புறம் தம்பி டெட்லெஃபின் கல்யாணம். போவது தள்ளிக்கொண்டே போய், கடைசியில் பேச்சிலிருந்தே நின்றுவிட்டது. முப்பது வயதில், பாஸ்டரால்கூடப் படிக்க முடியாத பழைய ஜெர்மன் கையெழுத்தை இவர் சரளமாகப் படிப்பதைப் பார்த்த அப்போதைய பாஸ்டர், சாவியைத் தூக்கிக் கொடுத்தார்.

முப்பத்தொரு வருடங்களில் இர்ம்கார்ட் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை எழுதினார். நாலாயிரம் அட்டைகள், குடும்பப் பெயர் வாரியாக, காலணிப் பெட்டிகளில். ஹனோவரிலிருந்தும் அடிலெய்டிலிருந்தும் முன்னோரைத் தேடிக் கடிதங்கள் வரும். ஒன்றுகூடப் பதில் போகாமல் இருந்ததில்லை. "இர்ம்கார்ட் இருக்குன்னா இருக்கு, இல்லன்னா இல்ல" என்று சபையில் ஒரு பேச்சே உண்டு. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் கேட்காதவர்போல நடந்துபோவார், ஆனால் நடை கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

1995 ஆகஸ்டில், கரும்புத் தோட்டங்களை எரிக்கும் பருவத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கிழவர் வந்தார். காரில் வரவில்லை. கூட்டம் அடைத்த கோம்பி வேனில் வந்து நாற்சந்தியில் இறங்கி, நாலு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். கோட்டின் தோளில் கரும்புச் சாம்பல் படிந்திருந்தது.

"நீங்கதான் புத்தகம் பாக்குறவங்களா?"

"ஆமா. உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா?"

"குடுத்தா வேணாம்னு சொல்ற பழக்கம் எனக்கு இல்லீங்க."

அவருடைய ஜெர்மனில் ஒவ்வொரு மூன்றாவது வார்த்தையும் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியாக இருந்தது. பெயர் எவால்ட் வெல்மான், வயது எழுபத்தொன்று. கிளென்கோ ரயில் நிலையத்தில் பெட்டிகளைக் கோத்து விடும் வேலையில் நாற்பது வருடம். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் லோரெ கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனவள். நாலு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

"நெஞ்சுல நீர் கோத்திருக்காம். கிறிஸ்துமஸ் கேக்குக்கு இப்பவே சொல்லி வைக்காதீங்கன்னுட்டார் டாக்டர்" என்று சிரித்தார். "என் தாத்தாவும் அவர் அண்ணன் கெர்டும் ஒரே கப்பல்ல வந்தாங்க. தாத்தா சண்டை போட்டுக்கிட்டு வண்டியோட்டப் போயிட்டார். அண்ணன் இங்கயே இருந்து இங்கயே செத்தார். அவர் பக்கத்துல எனக்கு ஒரு இடம் கிடைக்குமான்னு கேக்கத்தான் வந்தேன். நான் குட்டை ஆளு, ரொம்பத் தோண்ட வேணாம்."

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு விதி உண்டு. சபை அங்கத்தினர்களுக்கும், முதலில் வந்த குடும்பங்களின் இரத்த வழியினருக்கும் மட்டுமே அங்கே இடம். கிழவர் இந்தச் சபை இல்லை. ஆகவே எல்லாம் அந்த கெர்ட் வெல்மான் பதிவேட்டில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

"எங்க ஊர்க் கல்லறையில நம்பர் போட்டு வரிசையா வைப்பாங்க" என்றார் எவால்ட். "கேசட்ல பாட்டு போடுவாங்க. இங்க உங்க பித்தளைக் குழல் கோஷ்டி குழிப் பக்கத்துல நின்னு வாசிக்குமாமே?"

"வாசிப்பாங்க. மழையா இருந்தாலும்."

"அதான்."

இர்ம்கார்ட் 'வெ' பெட்டியைத் திறந்தார். வெபர், வெர்னர், வெஸ்ஸெல். வெல்மான் இல்லை. ஓர் எழுத்து மாறிப்போன வடிவத்திலும் இல்லை. அடக்கப் பதிவேட்டை எடுத்து 1900 வரைக்கும் விரலால் ஓட்டினார். கெர்ட் ஹைன்ரிச் என்று நாலைந்து பேர் இருந்தார்கள், ஆனால் எல்லாம் வேறு குடும்பங்கள்.

எவால்ட் மேஜைமேல் குனிந்து, தனக்குப் புரியாத அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா ஒண்ணு சொல்வார். தாத்தா குடிச்சா இதையேதான் புலம்புவாராம்: 'எங்கண்ணன் ஒரு பண்ணைக்காகப் பேரை வித்துட்டான்.' பேரை எப்படீங்க விக்க முடியும்?"

"குடிச்சவங்க பேச்சுக்குப் பதிவேடு கிடையாது" என்றார் இர்ம்கார்ட். புத்தகத்தை மூடினார். "அப்படி ஒருத்தர் இங்க வந்ததே இல்ல. பக்கத்துச் சபைங்கள்ல கேட்டுப் பாருங்க."

"வந்ததே இல்லையா?"

"இல்ல."

அவர் காப்பியோடு கொடுத்த கேக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சிரமத்துக்கு நன்றி சொன்னார். போகிற வழியில் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். இர்ம்கார்ட் தலையாட்டினார்.

எல்லாம் சேர்த்து அரைமணி நேரம். அடிலெய்டிலிருந்து ஒரு டாக்டர் எழுதியபோது அவருடைய கொள்ளுப்பாட்டியின் சகோதரியைக் கண்டுபிடிக்க இர்ம்கார்ட் மூன்று வாரம் செலவழித்தவர். இந்தக் கணக்கை அவரே பின்னால் போட்டார். யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் டெட்லெஃப் கல்லீரல் சாஸேஜை ரொட்டியில் தடவிக்கொண்டே விசாரித்தார்.

"கோம்பில ஒரு பெருசு வந்துச்சாமே, அக்கா? என்னவாம்?"

"யாரோ வெல்மானாம். கல்லறையில இடம் வேணுமாம்."

"இன்னைக்குக் கல்லறையில ஆறடி கேப்பான், நாளைக்குக் கரும்புல அறுபது ஏக்கர் கேப்பான். பழைய காயிதம்னு எவன் வந்தாலும் கதவைச் சாத்துக்கா."

நிறவெறி ஆட்சி முடிந்து, பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று சட்டம் வந்திருந்ததால், அந்த வருடம் நிலத்தைப் பற்றி எல்லார் மனதிலும் ஒரு பயம் இருந்தது. பழைய பத்திரம் கேட்டு வருகிறவர்களை யாரும் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. இர்ம்கார்ட் தம்பியை மறுக்காமல் ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ங்குபானே சொன்னார்: "அம்மா, நேத்து வந்த தாத்தா ரொம்ப நேரம் சுத்துனார். இங்க எடம் இருக்கான்னு கேட்டார். நான் இருக்குன்னேன். இன்னும் முப்பது பேருக்குத் தாராளமா இருக்கே."

அக்டோபரில் கிளென்கோவிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. நடுங்கும் எழுத்து. 'தொந்தரவுக்கு மன்னிக்கவும். இன்னொரு தடவை பார்க்க முடியுமா? தாத்தாவின் அண்ணன் ஒரு விதவையைக் கட்டினார் என்று அப்பா சொன்னதாக இப்போது ஞாபகம் வருகிறது. உதவுமோ என்னவோ.'

பார்த்தாகிவிட்டதே என்று நினைத்தார் இர்ம்கார்ட். எங்கள் ஊரில் மனைவியை இழந்த ஆண்களும் கணவனை இழந்த பெண்களும் மறுமணம் செய்யாத வருடமே கிடையாது. அட்டையை ஜன்னலோரம் வைத்தார். பதில் எழுதவில்லை. பதில் போடாமல் விட்ட ஒரே கடிதம் அதுதான்.

1998-இல் ஊருக்கு நூற்றைம்பது வருடம் நிறையப்போகிறது என்று முன்கூட்டியே விழாக் குழு கூடியது. ஒவ்வொரு குடும்பமும் தன் வம்சத்தைப் பலகையில் எழுதி வைக்கவேண்டும் என்று முடிவானது. இருபத்திரண்டு குடும்பங்களுக்கு இர்ம்கார்ட்தான் எழுதிக் கொடுத்தார். சொந்தக் குடும்பத்தைக் கடைசிக்கு விட்டிருந்தார். தெரிந்ததுதானே என்ற எண்ணம். பண்ணை எந்தத் தேதியில் டெல்காம்ப் பெயருக்கு வந்தது என்பது மட்டும் இல்லை. அதற்காக 1996 மார்ச்சில் மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்.

ஆங்கிலேயக் குமாஸ்தா ஒருவர் 1853-இல் எழுதிய பத்திரம் வந்தது. தெளிவான, சாய்ந்த எழுத்து. நிலத்தைப் பெறுபவர்: 'கெர்ட் ஹைன்ரிச் வெல்மான், தற்போது தன்னை டெல்காம்ப் என்று அழைத்துக்கொள்பவர், காலமான டெல்காம்பின் விதவையை மணந்தவர்.'

இர்ம்கார்ட் அந்த வரியைப் படித்தார். பிறகு எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி படித்தார்.

ஓஸ்னாப்ருக் பக்கத்துப் பழைய வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. அங்கே பெயர் மனிதருக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். பண்ணைக்காரியைக் கட்டிக்கொண்டு வாசற்படி ஏறுகிற ஆண், தன் பெயரை வெளியே விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான். இதை அவர் எத்தனையோ பேருக்குக் கடிதத்தில் விளக்கியிருக்கிறார். அந்த வழக்கமும் அதே கப்பலில் ஏறி வந்திருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

ஆலயத் திருமணப் பதிவேட்டில் 1852-ஆம் வருடத்து வரி அவருக்கு மனப்பாடம்: 'விவசாயி டெல்காம்ப், விதவை டெல்காம்ப்.' எழுதிய பாஸ்டரும் அதே சீமைக்காரர். பண்ணைப் பெயரைப் போட்டாலே போதும் என்று நினைத்தவர். ஒரே பெயராக இருப்பதால், இறந்தவரின் தம்பி அண்ணியைக் கட்டிக்கொண்டார் என்று இர்ம்கார்ட் முப்பது வருடமாக எண்ணியிருந்தார். வழக்கம் தெரியாத அந்நியக் குமாஸ்தாதான் விடாமல் கேட்டு, உண்மைப் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

முதல் கணவருக்குப் பிள்ளை இல்லை. அப்படியானால் இர்ம்கார்டின் உடம்பில் டெல்காம்ப் இரத்தம் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அவர் வெல்மான். அன்று அடக்கப் பதிவேட்டில் விரல் தாண்டிப்போன கெர்ட் ஹைன்ரிச் டெல்காம்ப்தான் அந்த கெர்ட், இர்ம்கார்டின் கொள்ளுத்தாத்தா. முறைப்படி பார்த்தால், கோட்டில் சாம்பலோடு வந்து உட்கார்ந்திருந்த அந்தக் கிழவர் அவருக்குச் சித்தப்பா. தாத்தா குடித்துவிட்டுப் புலம்பியதாக அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

அன்று அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. டெட்லெஃபின் பிக்கப்பில் நேராகக் கிளென்கோவுக்கு ஓட்டினார். மூன்று மணி நேரப் பாதை. டாக்டர்கள் சொல்கிற கெடு எத்தனையோ பேருக்குத் தப்பியிருக்கிறது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார்.

ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டு ஹெஸ்டர் ஃபூரி கதவைத் திறந்தாள். கையில் மாவு.

"எவால்டா? ஜனவரி பத்தொம்பதாம் தேதியே போயிட்டாரேம்மா. நீங்க யாரு?"

இர்ம்கார்ட் பிக்கப்பின் சாவியைக் கைப்பையில் போட்டார். "சொந்தம்" என்றார்.

"சொந்தமா?" ஹெஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மகளத் தவிர சொந்தம்னு யாருமே இல்லன்னாரே. அடக்கத்துக்கு நாங்க அஞ்சு பேர்தான் போனோம். கேசட்டு வேற பாதியில சிக்கிக்கிச்சு, மிச்சத்த நாங்களே தப்புந்தவறுமாப் பாடினோம். தினமும் தபால்காரனுக்காக வாசல்லயே உக்காந்திருப்பார். நொயன்வால்டுலேருந்து ஒரு அம்மா எழுதுவாங்க, ரொம்ப நல்லவங்க, கேக்கெல்லாம் குடுத்தாங்கன்னு சொல்வார். உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் இர்ம்கார்ட்.

நகராட்சிக் கல்லறையில் எவால்டின் இடத்தில் கல் இல்லை. ஒரு தகரத் துண்டில் எண் 1147. இர்ம்கார்ட் வெயில் சாயும்வரை அங்கே நின்றார். அழவில்லை என்று பின்பு அவரே எங்களிடம் சொன்னார். அழுதால் மனசு லேசாகிவிடும், அப்படி லேசாக்கிக்கொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டதாம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் முன் எழுந்து நடந்ததைச் சொன்னார். தபால் அட்டையைப் பற்றியும் சொன்னார். வெளியே வந்ததும் டெட்லெஃப் வெடித்தார்.

"அப்ப நாம டெல்காம்ப் இல்லேங்கிறியா? டிரக் கதவுல எழுதின பேர என்ன பண்றது, சுரண்டவா?"

"எழுதினது இருக்கட்டும். அந்த ஆளைப் பத்தி நாம பேசுன பேச்சைச் சுரண்ட முடியுமான்னு பாரு."

அதற்குப் பிறகு டெட்லெஃப் அதைப் பற்றிக் கேலி பேசவில்லை.

இர்ம்கார்ட் இன்னும் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறார். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார், இப்போதைய பாஸ்டர் பிராம்மர் வாங்கவில்லை. இப்போதெல்லாம் அவர் யாரிடமும் 'இல்லை' என்று சொல்வதில்லை. 'என் கண்ணில் படவில்லை' என்றுதான் எழுதுகிறார்.

எவால்டை எங்கள் ஊருக்குக் கொண்டுவரச் சபை ஒப்புக்கொண்டுவிட்டது. டெல்காம்ப் என்று பொறித்த கெர்டின் கல்லுக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓர் உடலை இடம் மாற்ற நெருங்கிய உறவின் கையெழுத்து வேண்டும். இர்ம்கார்டின் உறவு சட்டத்துக்குத் தூரம். மகள் லோரெ 1981-இல் பெர்த்துக்குப் போனவர். கணவரின் பெயர் ஹெஸ்டருக்கு நினைவில்லை. பழைய முகவரிக்கு அனுப்பிய மூன்று கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன.

அதனால் இதைப் படித்து முடிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். உறவுக்காரர்களிடம் சொல்லுங்கள், கடல் தாண்டி இருப்பவர்களுக்கு எழுதுங்கள். கிளென்கோவில் ரயில் பெட்டிகளைக் கோத்த எவால்ட் வெல்மானின் மகளுக்கு இது எப்படியாவது போய்ச் சேரவேண்டும். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.