அத்தைக்கும் சொல்லக் கூடாத எண்

டோங்கா நாட்டின் லிஃபுகா தீவில் போனை ஒழுங்காகப் பயன்படுத்துவது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கலோலைனேயைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், போனைக் கொண்டு அந்தத் தீவையே ஓடவிட்டவள் அவள் என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில், பாடகர் குழுவின் வாட்ஸாப்பில் “அலை வருகிறது” என்று ஒரு செய்தி வந்தது. கலோலைனே அதைப் படித்த கையோடு நான்கு குழுக்களுக்குத் தள்ளிவிட்டாள். கோயில் காலியாயிற்று. ஏறி நிற்க அந்தத் தீவில் மேடு கிடையாது. மேற்குக் கரையிலிருந்து ஓடியவர்கள் கால் மணி நேரத்தில் கிழக்குக் கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகுதான் தெரிந்தது, அது வேறு ஏதோ நாட்டுக்குப் போன வருடம் போன எச்சரிக்கை. அதற்குள் வீட்டுக்கு வீடு மண்ணடுப்பில் வைத்திருந்த ஞாயிறு விருந்து கரியாகியிருந்தது. உயிர்ப் பயம் காட்டியதை ஊர் மன்னித்துவிட்டது. சேப்பங்கிழங்கைக் கருக வைத்ததை மன்னிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

“தப்புப் பண்ணினவங்க சொன்னாத்தான் பிள்ளைங்க நம்பும்” என்றார் தலைமையாசிரியர் ஃபிலிமோனே. “உங்க அளவுக்குத் தப்புப் பண்ணினவங்க இந்தப் பள்ளிக்கூடத்துல வேற யாரும் இல்ல டீச்சர்.”

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள் கலோலைனே. அவள் சுபாவம் அப்படி. நாற்பத்தொன்பது வயது. ஆங்கிலமும் தட்டச்சும் கற்பிக்க வந்தவள். தட்டச்சு இயந்திரங்கள் துருப்பிடித்துக் கணினிகள் வந்தபோது, அதே மேசை நாற்காலியோடு கணினி ஆசிரியை ஆனாள். கணவர் வருடத்தில் பாதி ஆஸ்திரேலியாவில் பழம் பறிப்பார். மீதிப் பாதி இங்கே உட்கார்ந்து அந்தப் பழங்களைப் பற்றிப் பேசுவார். பிள்ளை இல்லை. ஆனால் பிள்ளை இல்லாதவள் என்று அவளை யாரும் நினைத்ததில்லை, ஏனென்றால் தம்பி ஹவிலிக்கு நான்கு பிள்ளைகள், அவர்களுக்கு அவள் அத்தை.

டோங்காவில் அத்தை என்றால் அப்பாவுக்கு ஒரு படி மேலே. அவள் எதைக் கேட்டாலும் தம்பி வீட்டார் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கலோலைனே கொடுமைக்கார அத்தை அல்ல. ஒரு முறை மூத்தவனின் கிட்டாரை எடுத்துப் போனாள்; வாசிக்க வரவில்லை என்று தானே திருப்பிக் கொடுத்தாள். தம்பியிடமிருந்து எடுத்த படகு எஞ்சினை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்றாவது பிள்ளை இலைசானேயின் போன் ஏறக்குறைய அவளுடையதுதான். தன் போனில் டேட்டா தீர்ந்தால் தம்பி வீட்டுக்குள் போய், அந்தப் பெண் எங்கே வைத்திருந்தாலும் எடுத்து, எண்ணைத் தட்டிக் கணவரைக் கூப்பிடுவாள். பாஸ்வேர்டு அவளுக்கு மனப்பாடம். அது கலோலைனேயின் பிறந்த நாள், வைத்தவளும் அவளே.

பாடத்துக்காகத் தலைநகரிலிருந்து அச்சிட்ட தாள்கள் வந்திருந்தன. முதல் விதி: உன் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே. கலோலைனே அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள். பதினைந்து வயதுக்காரர்கள் முப்பது பேர், முன்வரிசையில் இலைசானே.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். “டீச்சர், அண்ணன் கேட்டா?”

“சொல்லாத.”

“அம்மா?”

“நீயே திறந்து காட்டு. நம்பரைச் சொல்லாத.”

“அத்தை கேட்டா?”

வகுப்பே சிரித்தது. மழை கேட்டால் என்ன செய்வது என்பது போன்ற கேள்வி அது. கலோலைனே அடுத்த விதியை எழுதிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: “யாரும்னா யாரும்தான்.”

டோங்காவில் பிறந்து வளர்ந்த ஒருத்தி யோசிக்காமல் சொல்லக்கூடிய வாக்கியமல்ல அது. அவள் யோசிக்கவில்லை. இலைசானே அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.

வியாழக்கிழமை இடைவேளையில் கலோலைனே வராந்தாவில் மருமகளைப் பிடித்தாள். மாமாவுக்குக் காய்ச்சலாம், முகத்தைப் பார்க்க வேண்டும், போனை எடு என்றாள். இலைசானே எடுத்துக் கொடுத்தாள். கலோலைனே தன் பிறந்த நாளைத் தட்டினாள். திறக்கவில்லை. இன்னொரு முறை, மெதுவாக.

“என்னடி ஆச்சு இதுக்கு?”

“மாத்திட்டேன் அத்தை.”

“சரி, சொல்லு.”

இலைசானே தரையைப் பார்த்தாள். சுற்றிலும் பன் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

“நான் திறந்து தரேன் அத்தை. பக்கத்துலயே நிக்கறேன். நம்பர் மட்டும் கேக்காதீங்க. வகுப்புல நீங்கதான சொன்னீங்க.”

தான் எழுதிய விதி சரியானது என்பதில் கலோலைனேக்குச் சந்தேகமே இல்லை. அது தன் மேலும் பாயும் என்பதைத்தான் அவள் கேள்விப்பட்டதில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “போ, மணி அடிக்கப் போகுது” என்றாள். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

சாப்பாட்டு வேளைக்குள் செய்தி தீவைச் சுற்றி வந்துவிட்டது. ஹவிலியின் மகள், ஊர் பார்க்க, அத்தைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை ஹவிலியின் மனைவி லவினியா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “அண்ணி, என் வளர்ப்பு சரியில்லைன்னு நினைச்சுக்காதீங்க. ரெண்டு வாரமா அவ ஒரு மாதிரியா இருக்கா. சோறு இறங்கல. போன் சத்தம் போட்டா மூஞ்சி வெளுக்குது. எப்பப் பாரு கவுத்துப் போட்டு வச்சிருக்கா. கேட்டா ஒண்ணும் இல்லேங்கறா.”

கலோலைனே மிதித்துக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். சாப்பிட மாட்டார்கள், போனைக் கவிழ்த்து வைப்பார்கள், சத்தம் கேட்டால் திடுக்கிடுவார்கள். தலைநகரிலிருந்து வந்த தாளில் மூன்றாம் பக்கத்தில், ஆபத்தின் அறிகுறிகள் என்ற தலைப்பின் கீழ் இதே வரிசையில் இருந்தது. அதை வகுப்பில் அவளே படித்துக் காட்டியிருந்தாள், யாருக்கோ நடப்பது போல. அப்படியானால் அந்தப் பெண் எண்ணை மாற்றியது விதிக்காக மட்டும் இல்லை. அந்தப் போனுக்குள் யாரோ இருக்கிறார்கள்.

அதிகாரமாகக் கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டால், வகுப்பில் இருக்கும் முப்பது பேரில் இனி எவரும் எதையும் அவளிடம் கொண்டு வர மாட்டார்கள், இலைசானே முதலாக. பார்க்காமல் விட்டால், உள்ளே இருப்பவன் அந்தப் பெண்ணை என்ன செய்வானோ. கலோலைனே அன்று தைத்த சட்டைக்கு இரண்டு இடது கை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு ஆறுதலாக ஒரு வழி சொன்னார். “சின்ன திருத்தம்தான் டீச்சர். ‘யாரிடமும்’ பக்கத்துல ‘அத்தை தவிர’ன்னு போட்டுருங்க. எனக்கும் நாலு அக்கா தங்கச்சி. நேத்துலேர்ந்து என் வீட்டு வாசல்லதான் நிக்கறாங்க.”

“அத்தை தவிரன்னு போட்டா, அடுத்து அண்ணன் தவிரன்னு வரும். அப்புறம் பாஸ்டர் தவிர.”

“பாஸ்டர் ஏற்கெனவே கேட்டுட்டார்” என்றார் ஃபிலிமோனே சோகமாக.

சனிக்கிழமை பிற்பகல் ஹவிலி மன்னிப்புக் கேட்க வந்தான். ஊர் வழக்கப்படி இடுப்பில் கிழிந்த பழைய பாயைச் சுற்றிக்கொண்டு, அக்கா வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல், முற்றத்து ஈரப்பலா மரத்தடியில் தலை குனிந்து உட்கார்ந்தான். பக்கத்தில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் கவா வேர்ச் செடி ஒன்று, கால் கட்டிய ஒரு பன்றி, மடித்த நல்ல பாய் ஒன்று. பாயின் மேல் இலைசானேயின் போன். பின்னால் இலைசானே, அழுது முடித்த முகத்தோடு. வேலி முழுக்க அக்கம்பக்கம்.

அக்காவும் தம்பியும் இந்த மாதிரி விஷயத்தை நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எனவே பத்தடி தூரத்தில் இருந்தவர்களுக்கு நடுவில் லவினியா நின்றாள்.

“அண்ணி, உங்க தம்பி சொல்றாரு, வெக்கத்துல தலை நிமிர முடியலையாம்.”

“கேட்டுச்சு லவினியா. அவன் இங்கதான் இருக்கான்.”

“பொண்ணு இப்பவே எல்லார் முன்னாடியும் நம்பரைச் சொல்லிடுவாளாம். போனை வேணும்னா கல்லால அடிச்சுப் போட்டுர்றாராம்.”

“போனை அடிச்சா என் டேட்டாவுக்கு யாருகிட்டப் போறதுன்னு கேளு.”

வேலியில் சிரிப்பு. ஹவிலி நிமிரவில்லை. முதுகு மட்டும் லேசாகக் குலுங்கியது. சிரிப்போ அழுகையோ தெரியவில்லை.

“சொல்லும்மா” என்றாள் லவினியா மகளைப் பார்த்து. “அத்தைகிட்ட நம்பரைச் சொல்லு.”

இலைசானே வாயைத் திறந்தாள். அவள் கண்ணைக் கலோலைனே பார்த்தாள். வகுப்பில் தாளைப் புரிந்துகொண்ட ஒரே பெண், அதற்காகவே தண்டனை வாங்கப் போகிறாள்.

“நிறுத்து” என்றாள்.

மன்னிப்பை மறுத்தால் தம்பிக்கு அவமானம். ஏற்றால் விதி செத்தது. கலோலைனே படியிறங்கி வந்து, பாயின் மேலிருந்த போனை எடுத்தாள்.

“லவினியா, உன் புருஷன்கிட்டச் சொல்லு. பன்றியை ஏத்துக்கிட்டேன், பாயை ஏத்துக்கிட்டேன், எனக்குக் கோபம் இல்ல. இந்தப் போனையும் நான் எடுத்துக்கிட்டேன். எடுக்கலாமில்ல?”

“என்ன அண்ணி கேள்வி இது. உங்க உரிமை.”

“அப்ப இது என் போன். அக்கா பொருளைத் தம்பி தொடுவானா?”

ஈரப்பலா மரத்தடியிலிருந்து ஹவிலியே அவசரமாகத் தலையாட்டினான். அக்காவின் பொருளைத் தொடுவதா? அவள் துணி காயும் கொடிக்கு அடியில்கூட அவன் குனிந்து போனதில்லை.

“என் போனை நான் யாருக்கு வேணா குடுப்பேன்.” கலோலைனே இலைசானேயின் கையைப் பிடித்து அதில் போனை வைத்தாள். “இது அத்தை குடுத்த போன். இதோட நம்பரை அப்பாவோ, அண்ணனோ, பாஸ்டரோ, யார் கேட்டாலும் என் பொருள்ல கை வச்ச மாதிரி. நானும் கேக்க மாட்டேன், ஏன்னா குடுத்ததைத் திருப்பிக் கேக்கற ஆள் நான் இல்ல.”

“எஞ்சினை நீங்க திருப்பிக் குடுக்கவே இல்லையே” என்று வேலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அது வேற வழக்கு” என்றாள் கலோலைனே.

ஊர் நெடுநேரம் அங்கேயே நின்று இதை அலசியது. அத்தையின் உரிமையை அவள் விட்டுக்கொடுத்தாளா, அல்லது இதுவரை எந்த அத்தையும் காட்டாத அளவுக்குக் காட்டிவிட்டாளா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. பன்றியைச் சாப்பிடுவதில் மட்டும் ஒன்றுபட்டார்கள்.

ஞாயிறு முழுக்க மருமகள் வரவில்லை. கோயிலில் நான்கு வரிசை தள்ளி அவள் பிடரியைப் பார்த்தபடி கலோலைனே பாட்டில் இரண்டு இடம் பிசகினாள். கேட்டிருக்கலாமோ என்று நினைத்தாள். கேட்க மாட்டேன் என்று ஊர் முன்னால் சொன்னவளைத் தனக்குள் நன்றாகத் திட்டினாள்.

திங்கள், சாப்பாட்டு இடைவேளை. கணினி அறைக் கதவில் இலைசானே நின்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். போனை உடம்போடு அணைத்து எண்ணைத் தட்டி, மேசையில் நிமிர்த்தி வைத்தாள்.

ஒரு மாதத்துக்கு முன் வந்தவன். சிட்னியில் வலைப்பந்துப் பயிற்சியாளன் என்றிருக்கிறான். விளையாட்டுச் சீருடையில் ஒரு படம் கேட்டிருக்கிறான், அனுப்பியிருக்கிறாள். பிறகு அவன் கேட்டவை வேறு படங்கள். மாட்டேன் என்றதும் தொனி மாறியிருந்தது. நீ என்னோடு பேசியதையெல்லாம் உன் அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும் அனுப்புவேன். கடைசிச் செய்தி காலையில்தான் வந்திருந்தது: வெள்ளிக்கிழமை வரை நேரம்.

கலோலைனே முழுவதையும் படித்தாள்.

“வேற படம் எதுவும் அனுப்பலையே?”

“இல்ல அத்தை. சத்தியமா.”

“அனுப்பியிருந்தாலும் இதே மாதிரி வந்து சொல்லணும். தப்புப் பண்ணினது அவன். விளங்குதா? தீவையே ஓட வச்சவ நான், எனக்குத் தெரியும் எது தப்புன்னு.”

இலைசானே சிரிக்க முயன்று அழுதாள். “அப்பாகிட்டச் சொல்லுவீங்களா?”

“உங்கப்பாகிட்ட நான் இதைப் பேசவே கூடாது. நம்ம வழக்கத்துல அதுக்கு இடமே இல்ல. உங்கம்மாகிட்ட நாம ரெண்டு பேரும் சேந்து சொல்லுவோம். அவன் அனுப்பறதுக்கு முன்னாடி நாம சொல்லிட்டா, அவன் கையில என்ன இருக்கு?”

அந்தப் பெண் இதை யோசித்துப் பார்த்தாள். தோள்கள் கொஞ்சம் இறங்கின.

ஊர்க் காவல் நிலையத்தில் இருப்பவர் ஹவிலியோடு கவா குடிப்பவர். எனவே கலோலைனே தலைநகரப் போலீசில் இதற்கென்று இருக்கும் பெண் அதிகாரியைக் கூப்பிட்டாள். எதையும் அழிக்க வேண்டாம், எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்புங்கள், பிறகு அவனை பிளாக் செய்யுங்கள் என்றாள் அதிகாரி. எப்படிச் செய்வது என்று கலோலைனே வகுப்பில் இரண்டு முறை நடத்தியிருந்தாள், தாளைப் பார்த்து. இப்போது பொத்தானைக் காணவில்லை.

“மேல, அந்த மூணு புள்ளி” என்றாள் இலைசானே.

“தெரியும். நீ பாக்கறியான்னு பாத்தேன்.”

அவனுடைய பெயர் சாம்பல் நிறமானது. பிறகு இலைசானே மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே தயங்கினாள்.

“அத்தை, வெளிய ரெண்டு பேர் நிக்கறாங்க.”

கலோலைனே எட்டிப் பார்த்தாள். பின்வரிசையில் உட்காரும் பெண்கள் இருவர் சுவரோரமாக, வேறெதற்கோ வந்தவர்கள் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருவர் கையிலும் போன், கவிழ்ந்தபடி.

மணி அடித்தது. அடுத்து அவளுக்கு ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாடம்.

“அந்த வகுப்புக்குப் போய் சத்தம் போடாம படிக்கச் சொல்லு” என்றாள் மருமகளிடம். “இவங்கள்ல ஒருத்தியை மட்டும் இப்ப உள்ள அனுப்பு. இன்னொருத்திக்கு ஒரு நாற்காலி போடு.”