மாடியில் இருந்த சயின்ஸ் குரூப்

அழுகின முட்டை நாற்றம் படியிறங்கி வந்தால் மாடியில் வேதியியல் செய்முறை வகுப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். கீழே வரலாற்றுப் பாடம் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வகுப்பில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் அதை ஆழ இழுத்துக்கொள்வேன்.

நான் நெஞ்சில் ஓட்டையோடு பிறந்தவன். மூன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே சென்னையில் ஆபரேஷன் செய்து அடைத்துவிட்டார்கள். ஆனாலும் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அரசுப் பள்ளியில் கடைசிவரை என் பெயர் "ஓட்டை டப்பா"தான். ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த "லெட்டரை" ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜூன் மாதமும் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை வெட்டிய கையோடு அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து, புது வாத்தியார் கையில் கொடுத்து, "ஓடக் கூடாதாம், மாடி ஏறக் கூடாதாம், பாத்துக்குங்க சார்" என்பாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவளுக்கு அந்தக் காகிதம் கோயில் விபூதி மாதிரி. வாத்தியார்கள் அதை மடித்து வைத்துவிட்டு, அதோடு என்னைக் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள். "அவன உடுங்கடா, பாவம்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்த ரோஷத்தில்தான் பத்தாம் வகுப்பில் அறிவியலில் பள்ளிக்கே முதலாக வந்தேன். ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தை எடுத்துப்போய்ச் சோதித்தவர்களைப் போல நானும் ஒருநாள் லேப்பில் உட்கார வேண்டும் என்பது ஆசை.

பதினொன்றாம் வகுப்பில் சேரப் போனபோது தலைமையாசிரியர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "லேப்பு மேல இருக்குதும்மா. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வரலாறு குரூப்பு கீழதான். காத்தாட உக்காந்துக்கினு படிக்கட்டும்."

"சார், மோட்டார் கொட்டாய் மேல ஏறி தெனம் கெணத்துல குதிக்கிறேன் சார்" என்றேன்.

"எப்பத்துலருந்துடா?" என்று அம்மா அங்கேயே முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீழயே போடுங்க சார்" என்றாள்.

பிளஸ் டூ முடித்து லேப் டெக்னீஷியன் படிப்புக்கு விண்ணப்பம் வாங்க விழுப்புரம் போனேன். "சயின்ஸ் குரூப்பு இல்லியா தம்பி? அப்ப ஃபாரமே வாணாம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து சான்றிதழ்ப் பையைத் தரையில் கொட்டியபோதுதான் அந்த லெட்டரை முதல்முறையாகப் படித்தேன். "அறுவை சிகிச்சை முடியும் வரை" என்று முதல் வரியிலேயே இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது ஜூன் மாதம் அந்தக் காகிதம் கைமாறியிருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்த ஒருவரும் படிக்கவில்லை. கூச்சத்தில் அதைத் தொடாமலே இருந்த நானும்தான். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்த லெட்டர்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, இப்போது விழுப்புரத்தில் மொத்த மருந்துக்கடை ஒன்றில் இரண்டு மாடி ஏறி அட்டைப்பெட்டி அடுக்குகிறேன். அந்தப் பள்ளிக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், புது லேப்பு தரைத்தளத்திலாம். போன வாரம் அந்தத் தலைமையாசிரியர் மொத்த விலைக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். தோளில் பெட்டியோடு நின்ற என்னை அடையாளம் கண்டு, "ஒடம்பு எப்பிடிடா கீது? ஒன்ன பூ மாதிரி வெச்சிக்கினு இருந்தமில்ல!" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

என்ன படித்தாய் என்று அடுத்ததாகக் கேட்பார் என நினைத்து, பதிலைத் தயார் செய்துகொண்டு நின்றேன். அவர் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.