மிச்சமிருந்த ஒரு படம்

திருமயம் பஸ் நிறுத்தத்தில் சிவகாமி அம்மாள் ஒரு தகரப் பெட்டியோடு என்னை வழியனுப்ப நிற்கிறார். அவர் கணவர் ஊர் ஊராகப் போய் எடுத்த புகைப்படங்களின் கண்ணாடிப் பிளேட்டுகள் அதற்குள் இருக்கின்றன. அவர் இறந்து பல வருஷமாகிறது. சென்னையில் நடக்கப்போகும் கண்காட்சிக்காக அவற்றை வாங்கிப்போக வந்திருக்கிறேன்.

பெட்டியைத் திறக்கிறேன். ஒவ்வொரு பிளேட்டையும் பழஞ்சேலைத் துணியில் சுற்றி உமிக்குள் செருகியிருக்கிறார். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"கண்ணாடிக் கடைக்காரரு நடையா நடந்தாருங்க. மேல இருக்கறதக் கழுவிட்டா சாமி படத்துக்குக் கண்ணாடியாப் போடலாமாம். கொழுந்தனாரும் குடுத்துருன்னாரு. நாந்தான் முடியாதுன்னுட்டேன்."

அழைப்பிதழ் என் பையில் இருக்கிறது. பிளேட்டுகளைக் காத்து வழங்கியவர் என்று அந்தக் கொழுந்தனாரின் பெயர்தான் அதில் இருக்கிறது. எங்களுக்குக் கடிதம் எழுதியவர் அவர். விசாரிக்காமல் அச்சுக்குக் கொடுத்தவன் நான். அழைப்பிதழை வெளியே எடுக்கவில்லை.

"இதுல ஒங்க படம் எதும்மா?" என்று கேட்டுவைக்கிறேன்.

"ஒண்ணும் கெடையாதுங்க. ஒருக்கா கேட்டேன். வீட்டுல இருக்கறவளுக்கு எதுக்கு ஒரு பிளேட்ட வீணாக்கணும்னுட்டாக."

மனுஷனா அவர் என்று எனக்கு ஆத்திரம் வருகிறது.

புதுக்கோட்டை பஸ் வந்துவிடுகிறது. "மேல ஏத்திராதீங்க, மடியிலயே வச்சுக்கங்க" என்று மூன்று முறை சொல்லி, ஜன்னல் வழியாகப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்து நிற்கிறார். என் கழுத்தில் கேமரா தொங்குகிறது. பிலிமில் இன்னும் ஒரே ஒரு படம் எடுக்கலாம்.

பஸ் கிளம்புகிறது. திருப்பத்தில் கோட்டை நல்ல வெளிச்சத்தில் தெரிகிறது. அதை எடுக்கிறேன்.