பட்டாசுக் கடைக்காரர் வீட்டு நாய்

இன்று தீபாவளி. காலையில் முதல் சரவெடிக்கே என் மச்சான் வீட்டு நாய் கருப்பன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

மச்சானுக்குப் பாளையம்பட்டியில் பட்டாசுக் கடை. கடையைப் பூட்டக்கூட மறந்து வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். "யப்பா, கருப்பன் கெடைக்கிற வரைக்கும் வெடி போடாதீக!"

"வித்ததே நீங்கதான அண்ணாச்சி!" என்றார் எதிர்வீட்டு அக்கா.

பருத்திக் காடு வரை தேடினோம். மச்சான் கண் கலங்கிவிட்டார்.

சோர்ந்துபோய்க் கடைக்குத் திரும்பினால், அணுகுண்டுப் பெட்டிகளுக்கு நடுவே கருப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது!

"ஏலே, இங்கயா வந்து படுத்த?"

"ஊருக்குள்ள இன்னைக்கு யாரும் தீக்குச்சி கிழிக்காத எடம் இது ஒண்ணுதான, மச்சான்" என்றேன்.

உங்கள் வீட்டு நாயும் பயந்து நடுங்கினால் சொல்லுங்கள். மத்தாப்புப் பெட்டிப் பக்கம் இன்னும் இடம் இருக்கிறது.